முப்பது வருஷம் லாரி ஓட்டினேன், அதுல பாதி நின்னது

மைல்கல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்கு ஊர் சங்ககிரி பக்கம். 1984ல கிளீனரா லாரி ஏறினேன், 1989ல ஹெவி லைசென்ஸ் எடுத்தேன், 2018ல ஸ்டீரிங்க விட்டேன். இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கறதுக்காக அட்டாலிய காலி பண்றப்ப என்னோட நடை நோட்டுக நாலு கட்டு கெடச்சுது. தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஒவ்வொரு நடைக்கும் ஓனருகிட்ட வாங்கின அட்வான்ஸு, டீசல், ஏத்துகூலி, எறக்குகூலி, பஞ்சர், கிரீஸு, டோலு, படி எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வெச்சு, திரும்பி வந்ததும் ஷெட்டுல உக்காந்து கணக்கு முடிக்கிற நோட்டு அது.

2003 ஜூலைல ஒரு நடை. சேலத்துல ஜவ்வரிசி, 90 கிலோ மூட்டையா 100 மூட்டை, இந்தூருக்கு. வடக்க சாவன் மாச விரதம் வருமுன்ன சரக்கு கடைக்குப் போய்ச் சேரணும், அதனால அந்த மாசம் ஜவ்வரிசி லோடு நெறைய கெடைக்கும். பெங்களூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, பிஜாப்பூர், சோலாப்பூர், துலே, செந்த்வா, இந்தூர். திரும்பறப்ப லாசல்கான்ல வெங்காயம் ஏத்தி கோயம்பேடு. மொத்தம் பதினேழு நாள்.

நோட்டப் பாத்துட்டே தேதிய எண்ணினேன். வண்டி ஓடினது எட்டு நாள். மீதி ஒம்பது நாள் நின்னிருக்கு. சேலத்துல மூட்டை வர ஒரு நாள். மாநில எல்லைச் செக்போஸ்ட் வரிசைல ஒண்ணரை நாள். இந்தூர்ல ஞாயித்துக்கெழமை மண்டி லீவு, திங்கக்கெழமை மூட்டை எறக்கற ஹமாலிக வரல, ரெண்டு நாள். திரும்ப லோடு கெடைக்கறதுக்கு புக்கிங் ஆபீஸ் வாசல்ல மூணு நாள். லாசல்கான்ல ஏலம் முடிஞ்சு ஏத்தறதுக்கு ஒரு நாள். கோயம்பேட்டுல எறக்க அரை நாள்.

அந்த ஒம்பது நாளுக்கு எனக்குக் கூலி இல்லீங்க. சாப்பாட்டுப் படி மட்டும். சம்பளம்ங்கிறது வாடகைல இத்தனை பங்குன்னு பேசினது, வண்டி நின்னா பங்கு எங்கிருந்து வரும்?

அப்புறம் வேற நடைகளையும் பாத்தேன். நாக்பூர், ஆக்ரா, டெல்லி, எதை எடுத்தாலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். ரோட்டுல பட்ட கஷ்டத்தச் சொல்ல ஆளு இருக்காங்க. நின்ன கஷ்டத்த யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. நிக்கறதுன்னா ஓய்வுன்னு நெனைக்காதீங்க. வண்டிய விட்டு நகர முடியாது. நகந்தா டீசல் போகும், பேட்டரி போகும், ஸ்டெப்னி போகும், தார்ப்பாய்க் கயித்தக்கூட அறுத்துட்டுப் போவாங்க. மே மாசம் கேபின்ல உக்கார முடியாது, வண்டிக்கு அடியில ரெண்டு டயருக்கு நடுவுல சாக்க விரிச்சுப் படுப்போம். அப்படிப் படுக்கறவன் சாவிய இடுப்புல முடிஞ்சுட்டுத்தான் படுப்பான். வேற எவனாச்சும் தெரியாம ஸ்டார்ட் பண்ணி எடுத்தா முடிஞ்சுது.

உங்கள்ல யாராச்சும் இந்தத் தொழில்ல இருந்தா, இருந்த வீட்டுல பொறந்திருந்தா, எழுதுங்க.


டிரெய்லர் தம்பி எழுதியது:

அண்ணா, இத நான் ஒரு தொழிற்சாலை கேட்டுக்கு வெளியில டிரெய்லர்ல உக்காந்துதான் படிக்கிறேன். நேத்து சாயந்திரம் ஆறு மணிக்கு டோக்கன் போட்டேன், இப்ப காலைல ஒம்பது. எனக்கு முன்னாடி இன்னும் பதினோரு வண்டி. 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்தப்ப எல்லைல இருந்த வணிகவரிச் செக்போஸ்ட்டெல்லாம் எடுத்துட்டாங்க. 2021லேர்ந்து ஃபாஸ்டேக் கட்டாயம், டோல்ல நிக்கிற நேரமும் கொறஞ்சுபோச்சு. ரோட்டுல மிச்சமான நேரமெல்லாம் கேட்டுல வந்து சேந்துடுச்சுண்ணா. குடோன்ல இடம் இல்லைன்னா எங்க வண்டியே அவங்களுக்கு குடோன்.

உங்க காலத்துல துணைக்கு கிளீனராச்சும் இருந்தாரு. நான் தனி ஆளு. கக்கூஸ் போனா வண்டிய யார் பாக்கறதுன்னு பக்கத்து வண்டி ஜார்க்கண்ட் டிரைவர்கிட்ட கையக் காட்டிச் சொல்லிட்டுப் போறேன்.


கீழ்த்தெரு மகள் எழுதியது:

ஐயா, வணக்கம். எங்கப்பாவும் லாரி டிரைவர். திருச்செங்கோடு. 2011ல தவறிட்டார்.

நீங்க நின்ன அந்த ஒம்பது நாளும் இந்தப் பக்கம் நாங்களும் காத்துக்கிட்டுத்தான் இருந்தோம். எங்க வீட்டுல போன் கிடையாது. தெருமுனை மளிகைக் கடைல எஸ்டிடி பூத் இருந்துச்சு. ராத்திரி கட்டணம் குறையற நேரமாப் பாத்து அப்பா பண்ணுவார். கடைக்காரர் பையன அனுப்புவார், அம்மா ஓடும், பின்னாடியே நான் ஓடுவேன். நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள லைன் கட்டாயிடும். திரும்பப் பண்ணுவார்னு கடைப் படிக்கட்டுல உக்காந்திருப்போம். பண்ணின நாளும் உண்டு, பண்ணாத நாளும் உண்டு. "லோடு ஆகல, இன்னும் ரெண்டு நாள் ஆகும்"ங்கிற ஒரே வரியச் சொல்லத்தான் கூப்பிட்டிருப்பார்.

அவர் வீட்டுக்கு வந்தாலும் கட்டில்ல தூக்கம் வராது. தெருவுல லாரி நின்னா கேபின்ல போய்ப் படுத்துக்குவார். லாரி ஷெட்டுல இருந்தா திண்ணைல உக்காந்தே விடிய வெச்சுடுவார். அப்பாவுக்கு எங்கள விட வண்டிதான் பெருசுன்னு சின்ன வயசுல நெனச்சேன். அத ஒரு தடவ அவர்கிட்டயே சொல்லிட்டேன். பதில் பேசல. அடுத்த நடை முடிஞ்சு வந்தப்ப எனக்கு மட்டும் தனியா ஒரு கூடை நாக்பூர் ஆரஞ்சு கொண்டு வந்து வெச்சார்.

என்னப் பொண்ணு பாக்க வந்தவங்க ரெண்டு பேர், அப்பா டிரைவர்னு தெரிஞ்சதும் திரும்பிப் போனாங்க. எய்ட்ஸ் பத்தின பயம் நாமக்கல், சேலம் பக்கம் எல்லார் வாயிலயும் இருந்த காலம் அது. லாரிக்காரன் வீடுன்னாலே ஒரு பார்வை. அந்தப் பார்வைய எங்கம்மா எப்படித் தாங்குச்சுன்னு இப்ப யோசிக்கிறேன்.


மைல்கல் எழுதியது:

அம்மிணி, உங்க எழுத்தப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் வாசல்ல போய் நின்னுட்டு வந்தேன். கட்டில்ல தூக்கம் வராததுக்குக் காரணம் சொல்றேன். கேபின்ல படுக்கறவனுக்குக் காது தூங்காது. கயிறு இழுபடற சத்தம், டீசல் டேங்க் மூடி திருகற சத்தம், அதுக்கு முழிச்சே பழகினவன். வீட்டுல அந்தச் சத்தம் இருக்காது. சத்தம் இல்லைன்னா என்னமோ களவு போகுதுன்னு மனசு அடிச்சுக்கும். எனக்கு ரிட்டயர் ஆகி மூணு வருஷம் ஆச்சு அது அடங்க. உங்கப்பாவுக்கு நீங்கதான் பெருசுங்க. அந்த வண்டி உங்க சோறுங்கிறதால அத அப்படிக் காத்தார்.

எய்ட்ஸ் சமாச்சாரம் உண்மைதான். எங்க ஷெட்டுல கூட வேலை பாத்தவங்கள்ல மூணு பேர அதுல எழந்தோம். அப்ப மருந்து இல்ல, வெளிய சொல்லவும் பயம். வீட்ட விட்டு மாசத்துல இருபத்தஞ்சு நாள் ஒருத்தன ரோட்டுல நிறுத்தி வெச்சுட்டு அவன மட்டும் குத்தம் சொன்னது எனக்கு இன்னைக்கும் ஆறல.

டிரெய்லர் தம்பி, கிளீனர் இல்லாமப் போனது பெரிய விஷயம். அத நாளைக்கு எழுதறேன். சாப்டியா நீ?


நாலாம் நம்பர் ஷெட் எழுதியது:

நான் சின்ன ஓனர், மூணு வண்டி. டிரைவருக்கு மட்டும்தான் நஷ்டம்ங்கிற மாதிரி இழை போகுது, அதனால எழுதறேன். வண்டி நின்னாலும் வண்டிக் கடன் டியூ நிக்காது. இன்சூரன்ஸ், காலாண்டு வரி, எஃப்சிங்கிற தகுதிச் சான்று, பர்மிட் எதுவும் நிக்காது. சரக்குப் பார்ட்டிகிட்ட ஹால்டிங், அதாவது வண்டி நின்ன நாளுக்கான காசு, கேட்டா ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு ஒத்துக்குவாங்க, பில் வரும்போது வெட்டிடுவாங்க. வற்புறுத்தினா அடுத்த லோடு வேற வண்டிக்குப் போயிடும். புரோக்கர் கமிஷன் மட்டும் கரெக்ட்டாப் போகும்.

2016 செப்டம்பர்ல காவிரிக் கலவரத்தப்ப ஓசூர்ல என் வண்டி ஒண்ணு தக்காளியோட நின்னுச்சு. தக்காளி அழுகி தண்ணியா ஒழுகுச்சு. வாடகை பூஜ்யம். அதே வருஷம் நவம்பர்ல நோட்டு செல்லாதுன்னு சொன்னப்ப என் டிரைவர் ஆந்திராவுல கைல இருந்த பழைய நோட்டோட ரெண்டு நாள் டீசல் போட முடியாம நின்னார். யாருமே வேணும்னு நிறுத்தறதில்ல.


மைல்கல் எழுதியது:

நீங்க சொல்றது வாஸ்தவமுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், வருத்தப்படாதீங்க. ஹால்டிங் வந்த நடைகளும் உண்டில்லீங்களா? அதுல டிரைவருக்கு எவ்வளவு குடுத்தீங்க? என் நோட்டு நாலு கட்டுலயும் தேடிட்டேன். ஹால்டிங்னு எனக்கு வந்த தொகை ரெண்டு எடத்துலதான் இருக்கு. ரெண்டும் ஒரே ஓனரு குடுத்தது. அந்த மனுஷன் வீட்டு நல்லது கெட்டதுக்கு இன்னைக்கும் போய்ட்டு வரேன்.


நாலாம் நம்பர் ஷெட் எழுதியது:

நேர்மையாச் சொல்றேன். குடுத்ததில்ல. ஹால்டிங் வண்டிக்குன்னு நெனச்சேன், ஆளுக்குன்னு யோசிச்சதில்ல. இப்ப எனக்கு டிரைவர் கெடைக்காம ஒரு வண்டி ஷெட்டுலயே நிக்குது. இனிமே பங்கு போட்டுத்தான் ஆகணும்.


பழைய எழுத்தர் எழுதியது:

நான் தொழிலாளர் சட்டம் சார்ந்த அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று 1961இல் ஒன்று வந்தது, 2025 வரை நடைமுறையில் இருந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நெடுந்தூர ஓட்டத்துக்குச் சில நிபந்தனைகளோடு நாளுக்கு 10 மணி வரை போகலாம். ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு கொடுத்தாக வேண்டும் என்று அது சொன்னது. நடைமுறையில் இது எப்படி இருந்தது என்பதை மைல்கல் அவர்களைக் கேட்டால் தெரியும்.

காத்திருப்பு பற்றி அந்தச் சட்டம் சொன்னதை இங்கே குறிப்பிட வேண்டும். முனையத்தில் வெறுமனே இருக்கும் நேரம் பதினைந்து நிமிடத்துக்குள் இருந்தால் அது வேலை நேரம். ஆக, வாசலில் பத்து நிமிடம் நின்றவருக்கு அது வேலை, இரண்டு நாள் நின்றவருக்கு அது என்னவென்றே தெளிவில்லை. இன்னொன்று, ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருந்த நிறுவனங்களுக்குத்தான் அந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தியது. நம் பக்கத்தில் ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவர்களே அதிகம். அவர்களிடம் வேலை பார்த்த ஓட்டுநர் எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார். அவர்களுக்காக நான் ஒரு கோப்பைக்கூடத் திறந்ததில்லை. திறக்க வழி இல்லை என்பது வேறு, மனம் வருந்துகிறது என்பது வேறு.


வன்னி டொரன்டோ எழுதியது:

வணக்கம் அண்ணை. நான் கனடாவில இருக்கிறன், பதினொரு வருசமா ட்ரக் ஓடுறன். டொரன்டோவில இருந்து வின்னிபெக், போக மட்டும் 2,000 கிலோமீற்றருக்கு மேல. சுப்பீரியர் ஏரிக் கரையால போற ரோட்டில பனி கொட்டினா பாதையைப் பூட்டிப் போடுவினம், வாவா எண்ட சின்ன ஊரில ரெண்டு நாள் நிண்டிருக்கிறன்.

இஞ்ச நேரக் கட்டுப்பாடு கடுமை. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலத்துக்கு மேல ஓட ஏலாது. ட்ரக்குக்குள்ள பூட்டின கருவி எல்லாத்தையும் பதியும், 2023இல இருந்து அது இல்லாட்டி தண்டம். நித்திரைக்கு இது நல்லம், உயிர் மிஞ்சுது. ஆனா அண்ணை, எங்களுக்குச் சம்பளம் மைல் கணக்கு. சாமான் இறக்கிற டொக்கில அஞ்சு மணித்தியாலம் நிண்டா மைல் ஓடாது, காசும் ஓடாது, ஆனா அந்த நாளின்ர மணித்தியாலம் மட்டும் கரைஞ்சுகொண்டிருக்கும். முதல் ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒரு சதமும் இல்லை. உங்கட நோட்டைப் பாத்த உடன என்ர கதை மாதிரியே கிடந்தது.


பைபாஸ் ஓரம் எழுதியது:

எல்லாரும் லாரிக்காரங்க பக்கமே பேசறீங்க. 2009ல என் அண்ணன் பைக்ல போறப்ப பைபாஸ்ல ரோட்டு நடுவுல கெடந்த பெரிய கல்லுல ஏறி விழுந்தான். பஞ்சரோ பிரேக்டவுனோ ஆன லாரி, சக்கரத்துக்கு அணை குடுக்கவும் பின்னாடி வர்ற வண்டிக்குத் தெரியவும் கல்லு வெச்சுட்டு, வேலை முடிஞ்சதும் எடுக்காமப் போயிருக்கு. அண்ணன் பதினாறு நாள் ஆஸ்பத்திரில இருந்தான், பொழைக்கல. அந்த லாரி எதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நீங்க நின்ன எடத்துல எங்களுக்கு என்ன ஆச்சுன்னும் யாராவது எழுதுங்க.


மைல்கல் எழுதியது:

தம்பி, ரெண்டு நாளா என்ன எழுதறதுன்னு தெரியாம இருந்தேன்.

நானும் கல்ல விட்டுட்டுப் போயிருக்கேன். ஒரு தடவ இல்ல. ஆரம்ப காலத்துல எல்லாரும் அப்படித்தான் செஞ்சோம். ராத்திரி ரெண்டு மணிக்கு டயர் மாத்தி, ஜாக்கிய எறக்கி, நட்ட இறுக்கி முடிக்கறப்ப இடுப்பு நிமிராது. கெளம்பினாப் போதும்னு இருக்கும். 1993ல அனந்தப்பூர் தாண்டி ஒரு எடத்துல அப்படிக் கெளம்பி ஒரு அம்பது கிலோமீட்டர் வந்ததுக்கப்புறம், டீக்கடைல எங்க பெரியவர் ஒருத்தர், அவரும் டிரைவர்தான், "கல்லெடுத்தியா?"ன்னு கேட்டார். இல்லைன்னேன். அவர் டீய வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டார், ஒரு வார்த்த பேசல. வெங்காய லோடு, திரும்பிப் போகல நான். அந்தக் கல்லுல யாராச்சும் விழுந்தாங்களான்னு எனக்குத் தெரியாது. முப்பது வருஷமா தெரியாது. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் கல்லெடுத்து ஓரத்துல போட்டுட்டுத்தான் வண்டில ஏறினேன், கிளீனர்களையும் அப்படியே பழக்கினேன். ஆனா விட்டது விட்டதுதான்.

உங்கண்ணனுக்கு நடந்ததுக்கு எங்க ஜனம் பொறுப்பு. மன்னிப்புக் கேக்கறேன் தம்பி. லாரி நிறுத்த எடம் இல்ல, லே-பை இல்லன்னு காரணம் சொல்லலாம், அதுவும் உண்மைதான். ஆனா கல்ல எடுக்கறதுக்கு அஞ்சு நிமிஷம் போதும்.


பைபாஸ் ஓரம் எழுதியது:

படிச்சேன் ஐயா. இத்தனை வருஷத்துல லாரிக்காரர் ஒருத்தர் என்கிட்ட இத ஒத்துக்கிட்டது இதுதான் முதல் தடவை. வேற என்ன எழுதறதுன்னு தெரியல. அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன்.


டிரெய்லர் தம்பி எழுதியது:

அண்ணா, கிளீனர் பத்தி எழுதறேன்னீங்களே. எனக்கு ஓட்டக் கத்துக்குடுக்க ஆளே இல்ல. டிரைவிங் ஸ்கூல்ல காலி வண்டிய மைதானத்துல எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினவன். முதல் லோடோட தொப்பூர் மலைப்பாதைல எறங்கினப்ப எனக்குக் கையெல்லாம் நடுங்குச்சு.


மைல்கல் எழுதியது:

அதத்தான் சொல்ல வந்தேன் தம்பி. கிளீனர்னா வண்டி கழுவற பையன்னு ஜனங்க நெனச்சுட்டாங்க. அவன்தான் நாளைக்கு டிரைவர். அஞ்சு வருஷம் எடது பக்கம் உக்காந்து தலைய வெளிய நீட்டி சைடு பாப்பான். கதவத் தட்டற தட்டுல போலாமா நிக்கணுமான்னு சொல்லுவான். தார்ப்பாய் கட்டறதுல எல்லாம் இருக்கு. ஜவ்வரிசிக்கு ஒரு சொட்டு எறங்கக் கூடாது, இறுக்கி மூடணும். வெங்காயத்துக்கு இறுக்கி மூடினா வேர்த்து அழுகிடும், மழை நின்னதும் ஓரத்தத் தூக்கிக் கட்டி காத்து விடணும். இதெல்லாம் எந்த ஸ்கூல்லயும் இல்ல. அப்புறம் ஷெட்டுக்குள்ள ரிவர்ஸ் எடுக்க விடுவோம், அதுக்கப்புறம் விடிகாலைல காலி ரோட்டுல பத்து கிலோமீட்டர். 2018ல நேஷனல் பர்மிட் வண்டிக்கு ரெண்டு டிரைவர் கட்டாயம்ங்கிற விதியவும் எடுத்துட்டாங்க. செலவு மிச்சம்னு கிளீனர ஏற்கெனவே நிறுத்தியாச்சு. இப்ப டிரைவர் இல்லைன்னு அழுதா எங்கிருந்து வருவான்? கிளீனர் சீட்டு காலியானப்பவே அடுத்த தலைமுறை காலி.

தொப்பூருக்கு வரேன். தருமபுரி பக்கமிருந்து சேலத்துக்கு எறங்கறப்ப டீசல் மிச்சம் புடிக்க நியூட்ரல்ல விடறவங்க இருக்காங்க. அது தற்கொலை தம்பி. நியூட்ரல்ல விட்டா இன்ஜின் இழுத்துப் புடிக்காது, பாரம் பூராவும் பிரேக் மேல வந்துடும். மிதிச்சுக்கிட்டே வந்தா லைனிங் காஞ்சு கருகும், ஒரு கட்டத்துல மிதிச்சாலும் புடிக்காது. இன்ஜினயே ஆஃப் பண்ணிட்டா இன்னும் மோசம், பிரேக்குக்குக் காத்து ஏறாது, பவர் ஸ்டீரிங்கும் கல்லாயிடும். எந்த கியர்ல அந்த மேட்ட ஏறுவியோ அதே கியர்ல எறக்கு. கியர மேல இருக்கறப்பவே போட்டுடணும், பாதில எறக்கம் புடிச்சப்புறம் மாத்தப் போகாதே. பின்னாடி வர்றவன் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும். செந்த்வா பக்கம் பிஜாசன் மலைப்பாதைலயும் எனக்கு இதே பாடம்தான்.

உன்கூட உக்காந்து சொல்லித்தர ஆளில்ல. இங்க கேளு. எந்த ரோடுன்னாலும் கேளு, எனக்குத் தெரிஞ்சத எழுதறேன்.


கீழ்த்தெரு மகள் எழுதியது:

ஐயா, ஒரு உதவி. அப்பாவோட நோட்டும் ஒண்ணு வீட்டுல இருக்கு. அதுல பல எடத்துல தேதிக்குப் பக்கத்துல "வாடி" "வாடி" ன்னு மட்டும் எழுதியிருக்கார். அம்மாவக் கூப்பிடற மாதிரி இருக்கேன்னு நாங்க பத்திரமா வெச்சிருந்தோம். அப்படி ஏதாவது ஊர் இருக்குங்களா?


மைல்கல் எழுதியது:

இருக்குதுங்க அம்மிணி. நாக்பூருக்குப் பக்கத்துல, அமராவதி ரோட்டுல. டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் நெறைய இருக்கற எடம். திரும்ப லோடுக்கு எல்லாரும் அங்கதான் கெடப்போம். பக்கத்துல எத்தனை தேதி இருக்குதுன்னு பாருங்க, அத்தனை நாள் அங்க நின்னிருக்கார். உங்க ஆரஞ்சும் அங்கிருந்துதான் வந்திருக்கும். நானும் அந்த வருஷங்கள்ல அங்க மண்ணெண்ணெய் ஸ்டவ்வுல சோறாக்கித் தின்னவன்தான். ஒருவேளை ஒரே அடுப்புல ரெண்டு பேரும் பருப்பு வெச்சிருப்போம். தேதிக அனுப்புங்க, என் நோட்டோட வெச்சுப் பாக்கறேன்.


கீழ்த்தெரு மகள் எழுதியது:

1998 மார்ச் 4லேர்ந்து 9 வரைக்கும். 2001 நவம்பர் 17, 18, 19. இன்னும் இருக்கு, ராத்திரி உக்காந்து எல்லாத்தையும் எழுதி அனுப்பறேன் ஐயா. அம்மாவும் பக்கத்துல இருக்கு.


டிரெய்லர் தம்பி எழுதியது:

அண்ணா, அடுத்த நடைக்கும் அதே கேட்டுலதான் நிக்கிறேன். இப்பத்தான் என் நம்பரக் கூப்பிட்டாங்க. முன்னாடி வண்டி நகருது, போனக் கீழ வெக்கிறேன். எறக்கிட்டு ராத்திரி தருமபுரி வழியா வருவேன். நாளைக்கு எழுதறேன்.